சர்வாதிகாரம் போய் ஜனநாயகம் வந்த கதையை ஆராயணுமா? சிலியை வச்சு ஒரு வழி சொல்றேன்

பாலிடிக்ஸ் படிக்கிற பசங்க ப்ராஜெக்ட் டைம்ல வந்து "நாடுகள் எப்படி ஜனநாயகத்துக்கு மாறுதுன்னு எழுதப் போறேன்"னு சொல்வாங்க, எந்த நாடுன்னு கேட்டா முழிப்பாங்க. தப்பு இல்ல, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஆறு நாட்டை ஒரே சாப்டர்ல போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கம், கடைசில "பொருளாதாரம், மக்கள் போராட்டம், சர்வதேச அழுத்தம் மூணும் காரணம்"னு முடிச்சு குடுத்தேன். என் கைடு அதைப் படிச்சுட்டு, இந்த மூணு காரணத்தையும் எந்த நாட்டுக்கு வேணா ஒட்டலாமே தம்பின்னு மட்டும் சொல்லி திருப்பிக் குடுத்துட்டார். அதுக்கப்புறம்தான் ஒரே நாட்டைப் பிடிச்சு, சிலியை, ரெண்டு வருஷம் நோண்டினேன். அதுல கத்துக்கிட்ட வழியை இங்க எழுதுறேன், வேற நாடு எடுத்தாலும் இதே வழி ஓடும்.

முதல்ல கேள்வியைச் சின்னதாக்குங்க. "சிலில ஜனநாயகம் எப்படி வந்துச்சு"ங்கிறது கேள்வியே இல்ல, அது தலைப்பு. "தானே எழுதுன சட்டப்படி தானே நடத்துன ஓட்டெடுப்புல ஒரு சர்வாதிகாரி எப்படித் தோத்தார், தோத்தப்புறம் ஏன் ஒத்துக்கிட்டார்"னு கேட்டா அது கேள்வி. வித்தியாசம் என்னன்னா ரெண்டாவதுக்கு நீங்க தேட வேண்டிய பேப்பர் எது, ஆள் யாரு, ராத்திரி எதுன்னு உடனே தெரிஞ்சிடும்.

தெரியாதவங்களுக்கு கதைச் சுருக்கம்: 1973 செப்டம்பர் 11 ராணுவம் மக்கள் ஓட்டுல வந்த ஜனாதிபதி அயெண்டேயோட அரசைக் கவிழ்த்துச்சு, ஜெனரல் பினோசே தலைவரானார், 1980-ல ஒரு அரசியல் சட்டம் எழுதி ஓட்டெடுப்பு வச்சு பாஸ் பண்ணிக்கிட்டாங்க, அந்தச் சட்டத்துலயே எட்டு வருஷம் கழிச்சு இன்னொரு ஓட்டெடுப்புன்னு எழுதியிருந்துச்சு, 1988 அக்டோபர் 5 அது நடந்துச்சு, பினோசே தொடரணுமா வேணாமான்னு கேள்வி, "நோ" சுமார் 56%, "யெஸ்" 44%. அடுத்த வருஷம் டிசம்பர்ல தேர்தல், 1990 மார்ச் 11 எதிர்க்கட்சிக் கூட்டணியோட பாட்ரிசியோ எய்ல்வின் ஜனாதிபதி. அவ்ளோதான், இது விக்கிபீடியாலயே இருக்கு, நம்ம வேலை இதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

ஒரு நீளமான நோட்டு வாங்கி (எக்செல்லும் ஓகே, ஆனா எனக்கு நோட்டுதான் செட் ஆச்சு) பக்கத்தை மூணா பிரிங்க. முதல் கட்டம் தேதி. ரெண்டாவது என்ன நடந்துச்சு. மூணாவது, இதுதான் முக்கியம், "இதுக்கு முன்னாடி முடியாதது எது இப்ப முடியுது, யாரால". பெரிய சம்பவம் மட்டும் எழுதினா மூணாவது கட்டம் காலியா நிக்கும், அப்பதான் சின்னச் சின்ன விஷயங்களைத் தேடிப் போவீங்க. எனக்கு அப்படி மாட்டினதுதான் 1985 தீர்ப்பு. பினோசே ஆட்சி தானே உருவாக்குன அரசியல் சட்டத் தீர்ப்பாயம், வரப் போற ஓட்டெடுப்புக்கு முறையான தேர்தல் நீதிமன்றம் செயல்பட்டே ஆகணும்னு 4-க்கு 3 ஓட்டுல சொல்லிடுச்சு. கேட்டா சப்புன்னு இருக்கும். ஆனா 1980 ஓட்டெடுப்பை யோசிச்சுப் பாருங்க, பழைய வாக்காளர் பட்டியலை ராணுவம் வந்த கையோட ஒழிச்சுட்டாங்க, பட்டியலே இல்லாம ஓட்டு நடந்துச்சு, 67% ஆதரவுன்னு அவங்களே அறிவிச்சுக்கிட்டாங்க, சரிபார்க்க ஒரு வழியும் கிடையாது. 1988-ல அப்படிப் பண்ண முடியாமப் போனதுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு பெரிய காரணம். 1987 பிப்ரவரில புதுப் பட்டியல் பதிவு ஆரம்பிச்சு 74 லட்சம் பேருக்கு மேல பேர் குடுத்தாங்க, அதுல 97% பேர் போல வந்து ஓட்டுப் போட்டாங்க. தெருவுல நடந்த போராட்டத்தைப் பத்தி ஆயிரம் பேர் எழுதியிருக்காங்க, இந்த வாக்காளர் பட்டியல் கதையை எழுதினவங்க கம்மி. போராட்டம் முக்கியம் இல்லன்னு சொல்லல, 1983 மே மாசம் செம்புச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் கூப்பிட்ட போராட்டம் இல்லன்னா எதிர்க்கட்சிகள் மூச்சே விட்டிருக்காது. ஆனா போராட்டத்துக்கும் 1988 ஓட்டெடுப்புக்கும் நடுவுல அஞ்சு வருஷம் இருக்கு, அந்த அஞ்சு வருஷத்தை யாராவது விளக்கணும்ல.

அடுத்த வேலை ஆளுங்களைப் பிரிக்கிறது. ஓ'டானல், ஷ்மிட்டர்னு ரெண்டு அரசியல் ஆய்வாளர்கள் 1986-ல சொன்ன ஒரு பிரிவு இன்னைக்கும் எல்லாரும் யூஸ் பண்றது: ஆட்சிக்குள்ள விடாப்பிடி கோஷ்டி, வளைஞ்சு குடுக்குற கோஷ்டி. எதிர்ப்புல இருக்கிறவங்களையும் இதே மாதிரி ரெண்டா பிரிக்கலாம், ஆக நாலு கட்டம். ஆனா பசங்க பண்ற தப்பு, ஆளைத் தூக்கி கட்டத்துல போட்டதும் அதோட விட்டுடுவாங்க. ஏன் வளைஞ்சார்னு கேட்கணும். சிலில ராணுவக் குழுன்னா ஒரே ஆள் இல்ல, தரைப்படை, கடற்படை, விமானப்படை, போலீஸ்னு நாலு தரப்பு, சட்டம் போடணும்னா நாலு பேரும் ஒத்துக்கணும்னு அவங்களுக்குள்ளயே ஒரு ரூல். பினோசே எல்லாத்தையும் தன் கைக்குள்ள வச்சிருந்தார்னு வெளிய தெரியும், உள்ள பாத்தா மத்த மூணு படைக்காரங்களுக்கும் வீட்டோ இருந்துச்சு. இது புரியலன்னா 1988 ராத்திரி புரியாது.

அந்த ராத்திரியை கிட்ட போய்ப் பாருங்க, நான் இதுக்கு மட்டும் மூணு மாசம் செலவு பண்ணேன். ஓட்டு முடிஞ்சதும் உள்துறை ஆளுங்க ரொம்பக் கொஞ்ச பூத் கணக்கை வச்சு "யெஸ்" முன்னிலைன்னு அறிவிக்கிறாங்க, அப்புறம் கணக்கு சொல்றதே நின்னுபோகுது, மணி ஓடுது. எதிர்க்கட்சிக்காரங்க பூத்துக்கு பூத் ஆள் போட்டு தனியா கணக்கு எடுத்து வச்சிருக்காங்க, அதுல "நோ" ஜெயிச்சாச்சு. பினோசேயோட முன்னாள் உள்துறை அமைச்சர் ஹார்பா, வலதுசாரி கட்சித் தலைவர், எய்ல்வின் பக்கத்துல டிவில உக்காந்து "நோ" ஜெயிச்ச மாதிரிதான் இருக்குன்னு சொல்லிடறார். நடுராத்திரி தாண்டி விமானப்படைத் தளபதி மத்தேய், லா மொனேதாங்கிற ஜனாதிபதி மாளிகைக்குள்ள மீட்டிங்குக்கு நுழையும்போது வாசல்ல நின்ன பத்திரிகைக்காரங்ககிட்ட "நோ" ஜெயிச்சது எனக்குத் தெளிவா இருக்குன்னு சொல்லிட்டு உள்ள போறார். உள்ள போய் சொல்லல பாருங்க, வெளியவே சொல்லிட்டு போறார். அதுக்கப்புறம் உள்ள என்ன பேசினாலும் திருப்பி எடுக்க முடியாது.

உள்ள நடந்தது என்ன? பினோசே அவசர அதிகாரம் கேட்டார், மத்த தளபதிங்க மறுத்தாங்க, இதுவரைக்கும் பல பக்கத்துலருந்து ஒத்துப்போகுது. அந்த அதிகாரத்தை எழுதிக் கொண்டு வந்த பேப்பரை நான்தான் கிழிச்சேன்னு மத்தேய் பின்னாடி சொல்லியிருக்கார். இங்கதான் ஆராய்ச்சிக்காரன் நிதானிக்கணும். 1978-லருந்து ராணுவக் குழுவுல உக்காந்திருந்தவர், ஆட்சி போனப்புறம், தன்னை நல்லவனாக் காட்டுற கதையைத் தானே சொல்றார். பொய்னு சொல்லல. ஒரு ஆள் தனக்குச் சாதகமாச் சொல்ற சாட்சியை மட்டும் வச்சு ஒரு வரி எழுதக்கூடாது, அவ்ளோதான். இன்னொரு பக்கத்துலருந்து ஆதாரம் வேணும். சிலி விஷயத்துல அமெரிக்க அரசு பின்னாடி வெளியிட்ட ரகசிய ஆவணங்கள் இருக்கு, வாஷிங்டன்ல இருக்கிற தேசிய பாதுகாப்பு ஆவணக் காப்பகம்ங்கிற தனியார் அமைப்பு அதை ஆன்லைன்ல போட்டு வச்சிருக்காங்க, ஓசிலயே படிக்கலாம். கறுப்பு மை பூசி பாதி வரி மறைச்சிருக்கும், கடுப்பா இருக்கும், ஆனா தேதியைப் பாருங்க, சம்பவத்துக்கு முன்னாடி எழுதினதா பின்னாடி எழுதினதான்னு. முன்னாடி எழுதின குறிப்புக்கு மதிப்பு ஜாஸ்தி, ஏன்னா எழுதினவனுக்கு முடிவு தெரியாது. அதே சமயம் 1973-ல அமெரிக்கா அயெண்டேக்கு எதிர்ப்பக்கம் நின்னுச்சுன்னும் மறந்துடாதீங்க, அவங்க குறிப்புலயும் அவங்க கை சுத்தம்னு காட்டுற ஆசை இருக்கும்.

மொழி பிரச்சனை பத்தி கேப்பாங்க. ஸ்பானிஷ் தெரியாம சிலி பண்ணலாமான்னா ஆரம்பிக்கலாம், முடிக்க முடியாது. நான் மொபைல் ஆப்ல ஆறு மாசம் படிச்சேன், செய்தித்தாள் தலைப்பு புரியுற அளவுக்கு வந்துச்சு, மிச்சத்துக்கு மெஷின் மொழிபெயர்ப்பு. அரசியல் சட்டத்தை மட்டும் மெஷினை நம்பிப் படிக்காதீங்க. கான்ஸ்டிட்யூட்னு ஒரு தளம் இருக்கு, உலக நாடுகளோட அரசியல் சட்டங்களை ஆங்கிலத்துல போட்டிருக்காங்க, தலைப்பு வாரியா ரெண்டு நாட்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சே படிக்கலாம்.

இப்ப முக்கியமான இடம். வாடகைக்காரன் வீட்டைக் காலி பண்ணிட்டு ஒரே ஒரு ரூமை மட்டும் பூட்டி சாவியை எடுத்துட்டுப் போனா வீடு காலியாச்சுன்னு சொல்வீங்களா? பல நாட்டுல ஜனநாயகம் இப்படித்தான் வந்துச்சு. அதனால ஆட்சி மாறுன நாள்ல ஆராய்ச்சியை நிறுத்தாதீங்க, பூட்டின ரூம் எது எதுன்னு பட்டியல் எடுங்க. என்னைக் கேட்டா இந்த டாபிக்ல பாதி சரக்கு இங்கதான் இருக்கு.

சிலில 1990-க்கு அப்புறமும் பினோசே தரைப்படைத் தளபதியாவே தொடர்ந்தார், 1998 மார்ச் வரைக்கும், புது ஜனாதிபதியால அவரைத் தூக்க முடியாது, சட்டம் அப்படி. செம்பு நிறுவனமான கோடெல்கோவோட விற்பனைல 10% நேரா ராணுவத்துக்கு. செனட்ல, அதாவது நாடாளுமன்ற மேல்சபைல, தேர்ந்தெடுக்கப்பட்ட 38 பேர், அதுக்கு மேல நியமனம் 9 பேர். 1989 தேர்தல்ல எய்ல்வின் கூட்டணி 38-ல 22 ஜெயிச்சாங்க, எதிர்த்தரப்பு 16, அது பெரும்பான்மைதானே? 16 கூட 9 சேர்த்துப் பாருங்க, 25. மக்கள் குடுத்த பெரும்பான்மை நியமனத்துலயே காலி.

இதுக்கு மேல தேர்தல் முறை ஒண்ணு இருக்கு, அதைக் கணக்குப் போட்டுக் காட்டினாதான் படிக்கிறவனுக்கு உறைக்கும். ஒரு தொகுதிக்கு ரெண்டு சீட்டு. ரெண்டையும் ஒரே அணி எடுக்கணும்னா அடுத்த அணியை விட ரெண்டு மடங்கு ஓட்டு வாங்கணும், இல்லன்னா ஆளுக்கு ஒண்ணு. 1989-ல சான்டியாகோ மேற்கு செனட் தொகுதில சால்திவார் 31%, லாகோஸ் 30.6%, ரெண்டு பேரும் ஒரே அணி. மூணாவது வந்த குஸ்மான் 17%. ஜெயிச்சது சால்திவாரும் குஸ்மானும்! லாகோஸ் அணியோட மொத்தம் கிட்டத்தட்ட 62%, எதிர் அணி 32.5%, ரெண்டு மடங்குன்னா 65% வேணும், மூணு சதவீதத்துல போச்சு. இந்த குஸ்மான் யாருன்னா 1980 அரசியல் சட்டத்தை வடிவமைச்ச முக்கியமான ஆள். 1988-ல டிவில கேமராவைப் பார்த்து பினோசேயை நோக்கி விரல் நீட்டிப் பேசி நாடு முழுக்கப் பேர் வாங்கின ஆள்தான் லாகோஸ். பிற்பாடு 2000-ல அவரே ஜனாதிபதி ஆனார், 2005-ல நியமன செனட்டர் முறையை ஒழிச்ச சட்டத் திருத்தத்துல கையெழுத்துப் போட்டது அவர்தான், அது வேற கதை. இந்த மாதிரி ஒரு தொகுதிக் கணக்கை முழுசா எடுத்துக் காட்டுங்க, பத்துப் பக்க தியரியை விட இது பேசும்.

தியரி வேணாமான்னா வேணும், ஆனா ஊறுகாய் மாதிரி. லிப்செட்ங்கிற சமூகவியலாளர் 1959-ல வசதியான நாடுகள்லதான் ஜனநாயகம் நிலைக்குதுன்னார். ப்ஷெவோர்ஸ்கியும் லிமோங்கியும் 1997-ல அதைத் திருப்பிப் போட்டு, வசதி ஜனநாயகத்தைக் கொண்டு வராது, வந்ததைக் காப்பாத்தும்னு காட்டினாங்க, அவங்க கணக்குப்படி 1975 அர்ஜென்டினாவோட தலா வருமானத்துக்கு மேல இருந்த எந்த ஜனநாயகமும் கவிழல, அந்தத் தொகை 6,055 டாலர், 1985 விலைல. இதைச் சிலில பொருத்திப் பாருங்க. 1982-ல பொருளாதாரம் படுத்துச்சு, ஆட்சி போகல. 1988-ல நல்லா வளர்ந்துக்கிட்டு இருக்கும்போது தோத்தார். ஆக "பொருளாதாரம் சரிஞ்சா சர்வாதிகாரம் சரியும்"ங்கிற ஒரு வரி விளக்கம் இங்க தேதி இடிக்குது. ஒருவேளை வளர்ச்சியைப் பார்த்து ஜெயிச்சுடுவோம்னு நம்பினதாலதான் ஓட்டெடுப்பை ஒழுங்கா நடத்த விட்டாங்களோன்னு எனக்கு ஒரு எண்ணம். தியரியை எடுத்து கேஸ் மேல மாட்டிவிடாதீங்க, தேதியோட மோத விடுங்க.

டேட்டாவும் அதே மாதிரிதான். நாடுகளோட ஜனநாயகத்துக்கு மார்க் போடுற மூணு அளவுகோல் இருக்கு. பாலிட்டி ஸ்கோர் மைனஸ் 10-லருந்து ப்ளஸ் 10 வரை, ஃப்ரீடம் ஹவுஸ் 1-லருந்து 7 வரை (இதுல 1தான் நல்லது, தலைகீழாப் படிச்சு நாசமானவங்க உண்டு), ஸ்வீடன்ல கோத்தன்பர்க்ல இருக்கிற வி-டெம் 0-லருந்து 1 வரை, 1789-லருந்தே டேட்டா இருக்கு. வி-டெம் எடுத்துக்கோங்க, அதுல தேர்தல், கருத்துச் சுதந்திரம், கோர்ட்டுன்னு தனித்தனியாப் பிரிச்சுப் பாக்கலாம், எது முதல்ல ஏறுச்சு எது லேட்டா ஏறுச்சுன்னு தெரியும். பாலிட்டில நான் வாங்கின அடியைச் சொல்றேன், அதுல வெளிநாட்டு ஆக்கிரமிப்பு, ஆட்சியே இல்லாத காலம், இடைக்காலம் இதுக்கெல்லாம் மைனஸ் 66, 77, 88னு குறியீட்டு எண் போட்டிருப்பாங்க, அது மார்க்கே இல்ல, அடையாளம்தான். நான் அது தெரியாம சராசரி எடுத்து, என் கிராஃப் பாதாளத்துக்குப் போய், அதுக்கு விளக்கமும் ஒரு பக்கம் எழுதி வச்சிருந்தேன், நினைச்சா இன்னும் கூசுது. அந்தக் குறியீட்டு எண்களைச் சரி பண்ணி பாலிட்டி 2-ன்னு ஒரு கட்டம் தனியா இருக்கு, அதை எடுங்க. வி-டெம்லயும் பாதி விஷயம் நிபுணர்கள் போடுற மதிப்பெண்தான், மதிப்பெண்ணுக்கு மேலயும் கீழயும் காட்டுற அந்த நிச்சயமின்மை அளவையும் சேர்த்தே கிராஃப் போடுங்க.

ஒரு நாட்டை முடிச்சதும் ஒப்பிட ஒண்ணே ஒண்ணு எடுங்க, போதும். நான் எடுத்தது மியான்மர். அங்கயும் ராணுவம்தான் அரசியல் சட்டம் எழுதுச்சு, 2008 மே மாசம் ஓட்டெடுப்பு, நர்கிஸ் புயல் அடிச்சு பிணம் எடுத்து முடியாத வாரத்துல நடத்தி 92% ஆதரவுன்னு அறிவிச்சாங்க. அங்கயும் பூட்டின ரூம் உண்டு: நாடாளுமன்றத்துல 25% ராணுவ சீட்டு, முக்கியமான திருத்தத்துக்கு 75%-க்கு மேல ஓட்டு வேணும், உள்துறை, பாதுகாப்பு, எல்லை விவகாரம் மூணு அமைச்சகமும் தளபதி கையில. 2015-ல சூச்சி கட்சி அள்ளுச்சு, 2020 மார்ச்ல ராணுவ சீட்டைக் குறைக்கிற திருத்தம் கொண்டு வந்து தோத்தாங்க, நவம்பர் தேர்தல்ல திரும்ப 396 சீட்டு, 2021 பிப்ரவரி 1 ராணுவம் ஆட்சியைப் பிடிச்சு எல்லாம் முடிஞ்சுது. 

ரெண்டு நாட்டுலயும் நியமன சீட்டு இருந்துச்சு, ஒண்ணுல கரைஞ்சுது, இன்னொண்ணுல கரையல, ஏன்? அந்த நாற்காலியை யார் நிரப்புறாங்கன்னு பாருங்க. சிலில 9 பேர்ல 2 பேர் ஜனாதிபதி நியமனம், 3 பேர் உச்ச நீதிமன்றம், 4 பேர் படைத் தளபதிங்களும் உக்காந்திருந்த தேசியப் பாதுகாப்பு கவுன்சில். 1998-ல நியமனம் புதுப்பிக்கும்போது ஜனாதிபதி வேற ஆள், அவர் தன் ஆளைப் போட்டார். வருஷம் போகப் போக அந்த நாற்காலி நமக்கும் எதிரா திரும்பலாம்னு வலதுசாரிக்கே புரிஞ்சுது, 2005-ல ரெண்டு பக்கமும் சேர்ந்தே ஒழிச்சாங்க. மியான்மர்ல அந்த 25%-ஐயும் தளபதிதான் நியமிப்பார், அது எந்தக் காலத்துலயும் மத்தவன் கைக்குப் போகாது. அதனாலதான் சொல்றேன், விதியைப் படிக்கும்போது எத்தனை சீட்டுன்னு மட்டும் குறிச்சுட்டு வந்துடாதீங்க, யாரு நிரப்புவாங்க, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவைன்னும் குறிங்க. மியான்மர் கவிழ்ந்ததுக்கு இது ஒண்ணேதான் காரணம்னு சொல்ல மாட்டேன், அங்க இனப் போர்கள் பல பத்து வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு, சிலில அப்படி ஒண்ணு கிடையாது, ஒப்பிடும்போது இந்த வித்தியாசத்தையும் வெளிப்படையா எழுதிடணும், வைவால முதல் கேள்வி அதுதான் வரும்.

கடைசியா வர்ற தலைவலி, எந்தத் தேதில முடிக்கிறது. நான் முதல் டிராஃப்ட்ல 1990 மார்ச் 11னு எழுதி முற்றுப்புள்ளி வச்சிருந்தேன். அரசியல் ஆய்வாளர் ஹன்டிங்டன் சொன்ன, தேர்தல்ல ஆட்சி ரெண்டு தடவை கை மாறணும்ங்கிற டெஸ்ட் வச்சா, 1990-லருந்து ஒரே கூட்டணி இருபது வருஷம் ஆண்டுச்சு, 2010-ல வலதுசாரி பினியேரா, 2014-ல திரும்ப பழைய பக்கத்து பாச்சிலே, ஆக 2014. ரெண்டு சீட்டு தேர்தல் முறை போனதை வச்சா 2015-ல சட்டம், 2017-ல முதல் தேர்தல். அரசியல் சட்டத்தை வச்சா இன்னும் முடியல: 2019-ல சான்டியாகோ மெட்ரோ ரயில் டிக்கெட்டை 30 பெசோ ஏத்தினதுல பத்தி எரிஞ்சு, 2020-ல புதுச் சட்டம் வேணும்னு 78% ஓட்டு, 2022 செப்டம்பர்ல எழுதிக் குடுத்ததை 62% பேர் வேணாம்னாங்க, 2023 டிசம்பர்ல வேற ஆளுங்க எழுதினதையும் 56% போல பேர் வேணாம்னாங்க, பலதடவை திருத்தி ஒட்டுப் போட்ட அதே 1980 சட்டம்தான் இன்னும் ஓடுது.

எந்தத் தேதி எடுத்தாலும் பரவாயில்ல, ஏன் அதை எடுத்தீங்கன்னு முதல் சாப்டர்லயே ஒரு பாரா எழுதிடுங்க, நான் கடைசில எழுதி மொத்த அத்தியாய நம்பரையும் மாத்த வேண்டியதாப் போச்சு.